பல்லக்காவின் மலையில் ஏறிய பஸ்

ஊரில் பாதிப் பேர் அவள் செய்து கொடுத்த பல்லை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் சொந்தப் பல் கொட்டவில்லை, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வாங்கி, கல்லாய் இறுகும் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, ஈறு நிறத்தில் தகடு வார்த்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றிப் பளபளவென்று திருப்பி அனுப்புகிற பட்டறை அது. அங்கே ஜன்னலோர மேசை அவளுடையது. உடன் வேலை செய்பவர்கள் பல்லக்கா என்று கூப்பிடப்போய், அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டிய கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

பல்லக்காவுக்கு ஒரு பித்து உண்டு. ரயில் பித்து. ஆள் ஏறுகிற ரயில் இல்லை. மேசைமேல் ஓடுகிற, உள்ளங்கையில் அடங்குகிற ரயில். “இதென்ன குழந்தைங்க விளையாட்டா?” என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, கேட்டவர் வீடு போய்ச் சேர இருட்டிவிடும்.

பித்துப் பிடித்தது பட்டறையில்தான். ஒருநாள் தாடை அச்சுகளோடு ஒரு குட்டி எஞ்சினும் பெட்டியில் வந்து இறங்கியது. பல் மருத்துவர் ஒருவர் தன் அலமாரியில் கிடந்ததை அனுப்பியிருந்தார். உள்ளே இருந்த பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. ‘இதுவும் நம்ம நோயாளிதான், கவனிங்க’ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டறையே சிரித்தது. பல்லக்கா சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுகளவு பிசின் வைத்து, உடைந்த பல்லைக் கட்டி, அரம் போட்டுச் சீவி, மின்கம்பியைத் தொட்டு வைத்தாள். எஞ்சின் ‘ர்ர்ர்’ என்று கிளம்பி, மேசையைக் குறுக்கே கடந்து, யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையில் போய் முட்டி நின்றது. அவள் போட்ட கூச்சலில் மேற்பார்வையாளர் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார். விரலை அறுத்துக்கொண்டாள் என்று நினைத்தாராம். அவளோ வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

அத்தோடு வீட்டின் பின்னறை வீட்டாருக்கு இல்லை என்று ஆயிற்று. முதலில் ஒரு பலகை வந்தது. பலகைமேல் ஒரு வட்டப் பாதை வந்தது. பாதை இருந்தால் நிலையம் வேண்டாமா? நிலையம் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது தெரிய வேண்டாமா? அப்படித்தான் மலை வந்தது. பட்டறையில் மிச்சமாகும் அந்த அச்சு மாவை வாங்கி வந்து அடுக்கடுக்காக ஊற்றிச் செதுக்கிய மலை. பழைய பல் துலக்கும் பிரஷ்களின் முடியை வெட்டிப் பச்சைச் சாயம் தோய்த்து மலையெங்கும் புல் நட்டாள். பிரஷ் தேயும் முன்பே “இதைத் தூக்கிப் போடலாமே” என்று வீட்டில் எல்லாரையும் நச்சரிப்பாள்.

அந்த மலைக்குள்தான் அவளுடைய உயிர் இருந்தது. பாதை அடிவாரத்துக் குகைக்குள் நுழைந்து, உள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறி, நுழைந்த வாய்க்கு நேர் மேலே இன்னொரு வாயில் வெளியே வரும். கீழே மறைந்த ரயில் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது பார்க்கிறவர்கள் ‘அட!’ என்பார்கள். அந்த ‘அட’வுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? நாற்பது அடி போனால் ஓரடி ஏறலாம். அதற்கு மேல் பேராசைப்பட்டால் சக்கரம் வழுக்கும். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை ஒரு தாள் கனத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வெளியே சாயும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டின் விளிம்பில் சாய்த்து ஓட்டிக் காட்டிச் சொல்லுவாள். சாப்பாடு ஆறிப்போகும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமியார். வாயில் இருப்பது மருமகள் செய்த பல் என்பதால் மருமகளை எதிர்த்துப் பேசுவதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். இன்னொருவர் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் நெரிசலில் வளைத்து நெளித்து ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்.

“அதெப்படி, உன் வண்டியில ஸ்டியரிங்கே கிடையாது?” என்று ஆரம்பிப்பார்.

“எதுக்குங்க ஸ்டியரிங்? பாதை போட்டவ எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சு வச்சுட்டா. வண்டி அதுபாட்டுக்குப் போகும்.”

“அப்ப டிரைவருக்கு என்னதான் வேலை?”

“நிதானமாப் போகணும். உங்களால முடியுமா?”

மாமியார் சிரிப்பார், பல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

பல்லக்காவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அளவு விஷயத்தில் அவள் அரக்கி. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் அவளுடைய உலகில் ஓரடி. ஜன்னலும் சரி, விளக்குக் கம்பமும் சரி, நடைமேடையில் நிற்கிற ஆளின் குடையும் சரி, அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். பல்லில் மயிரிழை பிசகினாலும் மனிதன் சாப்பிட முடியாது என்று பழகிய கை அது. கடையில் வாங்கும் எஞ்சின்களில் பிடிமானத்துக்காக ஒரு ஜோடிச் சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அதைக்கூட அவள் கழற்றி எறிந்துவிட்டாள். “எந்த ரயில்ல ரப்பர் டயர் பாத்திருக்கீங்க? ரப்பர் போட்டு ஏறினா அது எஞ்சினே இல்ல.” மலை ஏறுவதற்கு எஞ்சினின் எடையே போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஏறவும் செய்தது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கணவர் ஒரு கல்யாண நாளன்று பரிசு கொண்டுவந்து கொடுத்தார்.

அது ஒரு பஸ். பொம்மைக்கடையில் வாங்கிய பஸ்ஸின் அடிப்பாகத்தை வெட்டி, அவள் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய எஞ்சினின் மோட்டாரை உள்ளே திணித்து, தண்டவாளத்தில் ஓடும்படி செய்திருந்தார். யாரிடம் போய்க் கேட்டாரோ, எத்தனை தடவை கையைச் சுட்டுக்கொண்டாரோ தெரியாது. தான் ஓட்டும் பஸ்ஸைப் போலவே பச்சை வண்ணமடித்து மஞ்சள் கோடு போட்டிருந்தார். இரண்டு பக்கமும் பின்னால் பார்க்கும் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. நெற்றிப் பலகையில் ‘வீடு’ என்று எழுதியிருந்தார். பின்சக்கரங்களில் ரப்பர். “ரப்பர் இல்லாம எப்படிப் பிடிக்கும்?” என்று அவரே காரணமும் சொன்னார். எடை வேண்டுமே என்று, உலோகத் தகடு வைத்த அம்மாவின் பழைய பல் செட்டை வாங்கி இருக்கைகளின் இடத்தில் கிடத்தியிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் முழுக்கப் பல் இளித்துக்கொண்டு போகும்.

பல்லக்கா அந்தப் பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். எண்பத்தேழில் ஒரு பங்கும் இல்லை, எழுபதில் ஒரு பங்கும் இல்லை. எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பருமன். நிலையத்தில் நிறுத்தினால் நிலைய அதிகாரி பஸ்ஸின் சக்கரத்தைத் தாண்டி உயரமாட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். “நல்லா இருக்குங்க” என்றாள். மலைக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகைக்குள் அதை நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

பஸ் அங்கேயே நின்றது. கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறைக்குள் வரும்போதெல்லாம் அவர் கண் மட்டும் ஒரு தடவை கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பும். அதைப் பார்க்கிறபோது பல்லக்காவுக்குச் சுருக்கென்றிருக்கும். பிறகு ஏதாவது ஒரு வளைவில் ஏதாவது ஒரு தாள் கனம் குறையும்; அவள் அதில் மூழ்கிவிடுவாள்.

சரி, கண்காட்சிக்கு வருவோம். வருடத்துக்கு ஒருமுறை ரயில் சங்கத்தார் உள்விளையாட்டரங்கத்தைப் பிடித்து, ஆளுக்கொரு மேசையில் தங்கள் தங்கள் பாதையை விரித்து வைப்பார்கள். ஊரே வரும். நடு மேசை வக்கீலுக்கு. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய நிலையம், பத்து நடைமேடை, விரைவு வண்டிகள்; அவருக்கு அது பொருத்தம்தான். பல்லக்காவுக்குக் கிடைத்ததோ கழிவறைக் கதவை ஒட்டிய மேசை. சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவளுக்கு அதுதான் என்று முதல் வருடம் கொடுத்தார்கள். அப்புறம் யாரும் புதிதாகச் சேரவில்லை. வருகிறவர்கள் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி “இது எப்படி ஏறுது?” என்பதல்ல. “லேடீஸ் எந்தப் பக்கம்?” என்பதுதான். ஆரம்பத்தில் பதில் சொன்னாள். பிறகு அம்புக்குறி போட்டு ஒட்டினாள். நாளடைவில் அம்புக்குறியைப் பார்த்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

மாமியார் மட்டும் அந்த இடத்தை ரசித்தார். நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை மடக்குவார். “அந்தக் கதவுதாம்மா. போயிட்டு நிதானமா வந்து எங்க மருமக மலையைப் பாரு. அவசரத்துல பாக்கக் கூடாது.” மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், “எதுக்கு அழுவுற? நடு மேசைக்கு வேணும்னா வருவான், வேணாம்னா போவான். இங்க எல்லாரும் வந்துதானே ஆகணும்?” என்பார்.

பல்லக்காவுக்கு நடு மேசை வேண்டும். வாழ்க்கையில் அவள் வேறு பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நான்கு பக்கமும் ஆட்கள் நின்று, கீழ்க் குகையில் மறைந்த ரயில் மேல் குகையில் தலை நீட்டும்போது நான்கு பக்கமிருந்தும் ‘அட!’ வர வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. சங்கத்தார் அதற்குக் கை படாத ஓட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குட்டி ரயில் பிடிவாதக்காரக் கழுதை. ஒரு தூசி போதும், நின்றுவிடும். உடனே ஆளின் விரல் தானாக நீண்டு ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு கூடாது. திறப்பு விசிலிலிருந்து மூடும் விசில் வரை தன் வண்டி எதன்மீதும் கை படாமல் ஓட்டிக் காட்டுகிறவருக்கு அடுத்த கண்காட்சியில் நடு மேசை. பாதையில் புதிதாக ஒரு வண்டியை இறக்குவதென்றால் முதலில் செயலாளரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒலிபெருக்கியில் வண்டியின் பெயர், செய்தவர், அளவு மூன்றையும் அறிவிப்பார். செயலாளர் ஓய்வு பெற்ற மின்தூக்கி மெக்கானிக். விசிலும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வருவார். எவர் எதைச் செய்யப்போனாலும் நிறுத்துவார். அதனால் அவருக்குச் சிக்னல் என்று பெயர்.

போன கண்காட்சியில் பல்லக்கா கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டாள். மூடும் நேரம் நெருங்கியபோது ஒரு பூச்சி வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தது. பூச்சியை விரட்டப்போன கை பெட்டியில் பட்டது. சிக்னல் விசிலடித்தார். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவள் ஒரு பூச்சியைப் பற்றிப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாள். இணைப்பு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். கண்காட்சிக்கு முந்தின மாலை, பலகைகளைக் கழற்றி வேனில் ஏற்றப்போகும் நேரத்தில், தண்டவாளத்தைத் துடைக்க உட்கார்ந்தாள். இங்கேதான் நம் ஆள் மோசம் போனாள். ஊரில் மற்ற ரயில்காரர்கள் எல்லாரும் ஒரு ரப்பர்க் கட்டியால் தண்டவாளத்தைத் தேய்த்துவிட்டு எழுந்து போவார்கள். பல்லக்கா பல்லுக்கு மெருகு போடுகிறவள். அழுக்குப் போனால் போதும் என்று விட அவள் கைக்குத் தெரியாது. பட்டறையிலிருந்து மெருகு மோட்டாரையும் மெருகு மெழுகையும் கொண்டுவந்து, அடிவாரத்திலிருந்து உச்சி வரை, குகைக்குள்ளும் கையை விட்டு, தண்டவாளம் முழுவதையும் முன்பல்லைப் போலத் தேய்த்தாள். விளக்கு வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெளிச்சம் வழுக்குகிற இடத்தில் சக்கரமும் வழுக்கும் என்று அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கணவர்தான் வேனை ஓட்டினார். இத்தனை வருடத்தில் அவர் கண்காட்சிக்கு வருவது அதுதான் முதல் தடவை. எப்போதும் அன்றைக்குப் பணி இருக்கும். இந்தத் தடவை யாரிடமோ கெஞ்சி விடுப்பை மாற்றி வாங்கியிருந்தார். “நடு மேசைக்கு அடி போடுறியாமே, பாக்க வேணாமா?” என்றார். பலகைகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். மலை எழுந்தது. கொட்டகையும் அதன் சாத்திய கதவோடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மாமியார் கதவோரம் நாற்காலி போட்டார். சிக்னல் விசிலடித்தார்.

எஞ்சின் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சமவெளியில் அழகாக ஓடியது. நிலையத்தைத் தாண்டியது. அடிவாரத்துக் குகைக்குள் நுழைந்தது. நாலைந்து பேர் மேல் குகையைப் பார்த்து ‘அட’ சொல்லத் தயாராக நின்றார்கள். ரயில் வரவில்லை. இன்னும் வரவில்லை. மலைக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியின் வால் குகை வாயில் தெரிந்தது. அது முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

பல்லக்கா வேகத்தைக் கூட்டினாள். சத்தம்தான் கூடியது. குறைத்தாள். ரயில் விரல்கடை தூரம் பின்னால் சறுக்கியது. அவள் குனிந்து தண்டவாளத்தை விரலால் தடவி மூக்கில் வைத்துப் பார்த்தாள். மெழுகு வாசனை.

“ஐயையோ” என்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலாவது பரவாயில்லை, கை ஓடினால்தான் எல்லாம் போச்சே! இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பத்தடி தூரத்தில் சிக்னல் விசிலை வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன ஆச்சு?” என்றார் கணவர்.

“வழுக்குதுங்க. நான்தான் மெருகு போட்டுக் கெடுத்தேன். பல்லுன்னு நெனச்சுத் தேச்சுத் தொலச்சுட்டேன்.”

“பின்னாடி எடுத்துட்டு வேகமா ஏத்து.”

“வளைவுல வேகமாப் போனா கவுந்துரும்.”

கணவர் தாடையைச் சொறிந்தார். “எங்க டிப்போ பக்கத்து ஏத்தத்துல வண்டி நின்னா, இன்னொரு பஸ்ஸைப் பின்னாடி கொண்டுவந்து முட்டுக் குடுத்துத் தள்ளிருவோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேருடைய கண்களும் ஒரே நேரத்தில் கொட்டகைக் கதவுக்குப் போயின. கணவர்தான் முதலில் பார்வையைத் திருப்பினார். குரலைத் தாழ்த்தி, “அது வேணாம்மா. சங்கத்து ஆளுங்க முன்னாடி உனக்கு அசிங்கமாப் போயிடும்” என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! ‘நல்லா இருக்குங்க’ என்று அவள் சொன்ன நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சாத்திய கதவைத் தினம் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார். அவளுக்கு வந்த வெட்கம் பஸ்ஸைப் பற்றியது அல்ல. நடு மேசை ஒரு நொடி மறந்தே போயிற்று. அதைவிட அவசரமான ஒன்று இப்போது அவளுக்கு இருந்தது. கோத்த கையைப் பிரித்து மேலே தூக்கி, அரங்கம் அதிரக் கூப்பிட்டாள்.

“சிக்னல் ஐயா! புது வண்டி இறங்குது!”

சிக்னல் ஒலிபெருக்கியோடு வந்தார். அரங்கம் திரும்பிப் பார்த்தது.

“வண்டியின் பெயர்?”

“ஏத்தத்துல தள்ளுற வண்டிங்க. மலைப் பாதையில பின்னாடி இன்னொரு எஞ்சின் போட்டுத் தள்ளுவாங்கல்ல, அதுமாதிரி.”

“செய்தவர்?”

“எங்க வீட்டுக்காரர்.” பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். “இவருதான்.”

“அளவு?”

பல்லக்கா வாயைத் திறந்தாள். அவள் வீட்டில் அளக்காத பொருள் அது ஒன்றுதான். “அளக்கலைங்க” என்றாள்.

“பல்லக்கா அளக்கலையாம்!” என்று யாரோ கத்த, வக்கீல் தன் விரைவு வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு நடு மேசையிலிருந்து பார்க்க ஓடி வந்தார்.

பொத்தானை அழுத்தினாள். கொட்டகைக் கதவு திறந்தது. பச்சையும் மஞ்சளுமாக, நிலைய அதிகாரியைவிட உயரமான சக்கரத்தோடு, நெற்றியில் ‘வீடு’ என்று போட்டுக்கொண்டு, ஜன்னலெல்லாம் பல்லாகப் பஸ் வெளியே வந்தது. வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! கழிவறைக்குள் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தார்கள். மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து, “அது என் பல்லு! அது என் பல்லு!” என்று எல்லாருக்கும் காட்டினார்.

பல்லக்கா மலைப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தி, அடிவாரத்துக்கு மட்டும் கொடுத்தாள். ரப்பர் போட்ட சக்கரம் மெழுகு பூசிய தண்டவாளத்தைக் கடித்துப் பிடித்தது. பஸ் வந்து கடைசிப் பெட்டியின் முதுகில் ‘டொக்’ என்று முட்டியது. இப்போது மலைக்கும் மின்சாரம். ரயில் நகர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பல்லக்காவுக்கு மட்டும் அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: குகை வாயை ரயிலுக்குத்தான் வெட்டினோம், இந்தத் தடியனுக்கு இல்லையே! பஸ் குகைக்குள் சிக்கினால் கை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“நுழையுமாங்க?” என்றாள், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

“இதைவிடச் சின்னச் சந்துல எல்லாம் நுழைச்சிருக்கேன். நேராப் புடி, நேராப் புடி” என்றார் அவர், ஸ்டியரிங்கே இல்லாத வண்டியைப் பார்த்து.

கூரை நுழைந்தது. உடம்பு நுழைந்தது. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிகள் மட்டும் குகை வாயில் இடித்து ‘டிக், டிக்’ என்று கீழே விழுந்தன.

“போச்சு, ரெண்டு கண்ணாடியும் போச்சு” என்றார் கணவர். “பரவால்ல. டிப்போவுல எனக்கு இது வழக்கம்தான்.”

மலை உறுமியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மேல் குகையில் எஞ்சினின் முகம் எட்டிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகள் வந்தன. கடைசிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணாடி இல்லாமல், மாமியாரின் பல்லைக் காட்டிக்கொண்டு பஸ் வந்தது. நான்கு பக்கமும் இல்லாவிட்டால் என்ன, இருந்த மூன்று பக்கத்திலிருந்தும் ‘அட!’ வந்தது. கூரையே பறந்துவிடும் போலிருந்தது. பல்லக்காவின் கால் தரையில் பாவவில்லை. சிரித்தாள், அழுதாள், கணவரின் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

வக்கீல் சும்மா இருப்பாரா? விரலை உயர்த்தினார். “ஆட்சேபணை! ரயில் தானா ஏறலை. வெளியிலேர்ந்து பஸ் உதவி பண்ணியிருக்கு.”

சிக்னல் யோசித்தார். விசிலை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். “விதி என்ன சொல்லுது? கை படக் கூடாது. பஸ்ஸுக்குக் கை இருக்கா?”

“அதுக்குன்னு...”

“வக்கீல் சார், அங்க உங்க விரைவு வண்டி கவுந்து கெடக்கு.”

வக்கீல் பதறி ஓடினார். ஆள் இல்லாத மேசையில் வண்டி வளைவைத் தாண்டிக் குப்புற விழுந்திருந்தது. ஓடிய வேகத்தில் இரண்டு கையாலும் அள்ளி நிமிர்த்தி வைத்தார். பிறகுதான் பின்னாலேயே வந்து நின்ற சிக்னலைப் பார்த்தார். விசில் நீளமாக ஒலித்தது.

அன்று முழுக்கப் பஸ் ஓய்ந்து உட்காரவில்லை. நாலைந்து தடவை தள்ளிய பிறகு ரப்பர் தேய்த்த தேய்ப்பில் மெழுகு போய்விட்டது. ரயில் தானாகவே ஏறியிருக்கும். யார் விட்டார்கள்? “பஸ்ஸை வுடுங்க, பஸ்ஸை வுடுங்க” என்று கூட்டம் கத்தியது. கழிவறைக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள். மூடும் விசில் ஊதியபோது கை படாத மேசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்த கண்காட்சியில் நடு மேசை பல்லக்காவுக்கு என்று சிக்னல் ஒலிபெருக்கியில் அறிவித்தார். மாமியார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “அங்க எவ வருவா?” என்று வேனில் வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பட்டறையிலிருந்து பல்லக்கா சீக்கிரமே திரும்பிவிட்டாள். கணவர் பணி முடிந்து வந்து பின்னறையை எட்டிப் பார்த்தபோது, அவள் மலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் மாவு செதுக்கும் கத்தி. இன்னொரு கையில் பஸ். மூன்று மழைக்காலம் செதுக்கிய குகை வாய், ஒரு தாள் கனம்கூடப் பிசகவிடாத குகை வாய். அதைச் சுற்றிப் பென்சிலால் பெரிதாக ஒரு கோடு போட்டிருந்தாள்.

“என்னடி பண்ற?”

“வழியை அகலமாக்குறேன். இவன் தினமும் போய்வர வேணாமா?” அளவுகோலைப் பஸ்ஸின்மேல் வைத்தாள்.

கணவர் சட்டைப் பையில் கைவிட்டு, நேற்று மலையடியில் பொறுக்கிப் பத்திரப்படுத்தியிருந்த இரண்டு குட்டிக் கண்ணாடிகளை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“இரு, இரு. இதை ஒட்டிட்டு அப்புறமா அள.”